எட்டின் மேல் ஒரு மூன்று

வேலூர் கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த காசிநாதன் சார் எழுதிய அறிக்கையின் கடைசி வரியில் இருந்தது இரண்டே வார்த்தை: திருப்தி இல்லை. தலைமையாசிரியை பிரிசில்லா அதை வெள்ளிக்கிழமையிலிருந்து படித்துக்கொண்டே இருந்தாள். படிக்கப் படிக்க எழுத்து மாறிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ! திங்கட்கிழமை காலை வேலூரிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். பக்கத்து சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கோர்ட்டு நோட்டீஸா?" என்று விசாரித்தாள். அதைவிட மோசம் என்று சொல்லிவிட்டு பிரிசில்லா காகிதத்தை மடித்துக் கைப்பையில் திணித்தாள்.

கட்டடம் நன்று, கழிப்பறை சுத்தம், சத்துணவு ருசி என்று வரிசையாகப் புகழ்ந்துகொண்டே வந்த மனுஷன், எட்டாம் வகுப்புக் கணக்குக்கு வந்ததும் காலை வாரிவிட்டிருந்தார். "மாணவிகளுக்கு எளிய பரப்பளவுக் கணக்குகூடத் தெரியவில்லை. தவறான விடையை ஒருவரைப் பார்த்து ஒருவர் அப்படியே எழுதுகிறார்கள்." இந்த இரண்டாவது வாக்கியம்தான் பிரிசில்லாவுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கணக்கு வரவில்லை என்றால் போகட்டும், சொல்லிக் கொடுத்துவிடலாம். பார்த்து எழுதும் பிள்ளைகள் என்று பேர் வாங்கிவிட்டால் அதை எந்த சோப்பு போட்டுக் கழுவுவது?

அது 1999ஆம் வருஷம். ஆம்பூர் தாண்டி, பாலாற்றை ஒட்டித் தோல் பதனிடும் டேனரிகள் வரிசையாக நிற்கும் ஊரில் இருந்தது அந்த மிஷன் பெண்கள் பள்ளி. எட்டாவது வரைதான் வகுப்பு. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் ரயில்வே கேட்டையும் பெங்களூர் ரோட்டையும் தாண்டிப் போக வேண்டும். "வயசுப் பொண்ண லாரி போற ரோட்ல அனுப்பறதா? போதும் படிச்சது" என்று அப்பாக்கள் முடித்துவிடுவார்கள். முஸ்லிம் தெரு, காலனி, கிறிஸ்தவர் தெரு எல்லாவற்றிலும் இதே பேச்சுதான்; இந்த ஒரு விஷயத்தில் ஊரே ஒற்றுமை. பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்துக்குக் கைத்தையல் போடுவார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் ஷூ கம்பெனி.

அதனால்தான் ஜூன் முதல் ஒன்பதாவது வேண்டும் என்று பிரிசில்லா இரண்டு வருஷமாக வேலூருக்கும் ஆம்பூருக்கும் அலைந்தாள். ஆய்வு நன்றாக அமைந்தால் தருவோம் என்றார்கள். ஆய்வு இப்படி அமைந்தது.

எட்டாவதில் குர்ஷித் என்று ஒருத்தி. டேனரியில் அளக்கும் மெஷினில் வேலை பார்க்கும் நிசார் அஹமதின் மூத்த பெண். ஒல்லி, உதட்டுக்குள்ளேயே பேசுவாள், ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் கண் மின்னும். அவள் அம்மா ஏற்கெனவே தையல் ஏஜென்ட்டிடம் சொல்லி வைத்துவிட்டாள் என்று பிரிசில்லாவுக்குத் தெரியும். பரீட்சை முடிந்த மறுநாள் மூட்டை வந்து இறங்கும். 

அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. ஆட்சேபணை இருந்தால் திங்கள் மாலைக்குள் வேலூர் அலுவலகத்துக்கு நேரில் வந்து மறு ஆய்வு கேட்கலாம். மறு ஆய்விலும் இதே தரம் வந்தால் மூன்று வருஷத்துக்குத் தரம் உயர்த்துவது பற்றிப் பேசவே கூடாது. அந்தத் திங்கள் இதுதான்.

பள்ளிக்கூட வாசலில் தமிழாசிரியர் ஜெபராஜ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். ஆய்வு நடந்த அன்று எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். கணக்கு டீச்சர் ஷஹீன் பானு இரண்டு வாரப் பயிற்சிக்கு ராணிப்பேட்டை போயிருந்தாள். பிரிசில்லாவோ காசிநாதன் சாரின் கிளார்க்குக்குக் குடிநீர்த் தொட்டியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஷஹீன் டீச்சர் வந்துட்டாங்க," என்றார் ஜெபராஜ். "அறிக்கைல இருக்கறத சொன்னேன். ஒண்ணும் பேசாம கிளாசுக்குப் போய்ட்டாங்க."

பிரிசில்லாவுக்கு நிதானம் என்ற சரக்கு பிறவியிலேயே கிடையாது. கைப்பையை வைக்கக்கூட அறைக்குப் போகாமல் நேரே எட்டாம் வகுப்புக்கு நடந்தாள். ஜெபராஜ் பின்னால் ஓடிவந்தார். உள்ளே ஷஹீன் பானு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குர்ஷித் போர்டின் முன்னால்.

"அந்த சார் இன்னா கேட்டாரு, நீ இன்னா எழுதின, அப்படியே எழுது," என்றாள் ஷஹீன்.

குர்ஷித் எழுதினாள். ஒரு மேசை, மூன்றரை அடி நீளம், இரண்டரை அடி அகலம், பரப்பு எவ்வளவு? அதற்குக் கீழே விடை: பெரிதாக ஒரு எட்டு, அதன் தலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மூன்று.

"பாத்தீங்களா பெரிய டீச்சர்," என்று ஜெபராஜ் முனகினார். "எட்டின் அடுக்கு மூன்று. ஐந்நூத்திப் பன்னிரண்டு சதுர அடி. 'அந்த மேசைல கல்யாண மண்டபமே கட்டலாமே'ன்னு காசிநாதன் சார் சிரிச்சாரு. எனக்கு மானமே போச்சு."

ஷஹீன் பானு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "யா அல்லா! இது அடுக்கு இல்ல சார். எட்டே முக்கால்!"

"எது?" என்றாள் பிரிசில்லா.

"எட்டே முக்கால், பெரிய டீச்சர்! தோல்ல இப்படித்தான போடுவாங்க? ஒவ்வொரு தோலையும் அளந்து பின்பக்கம் எழுதுவாங்க. எட்டு அடி, மேல ஒண்ணு போட்டா எட்டேகால். ரெண்டு போட்டா எட்டரை. மூணு போட்டா எட்டே முக்கால். இந்த ஊர்ல நடக்கப் பழகற குழந்தைக்குக்கூடத் தெரியுமே!"

பிரிசில்லா போர்டைப் பார்த்தாள். மூன்றரையை இரண்டரையால் பெருக்கினாள். மனக்கணக்கு தடுமாறியது, விரலை மடக்கி மறுபடி போட்டாள். எட்டே முக்கால். அட, எட்டே முக்கால்தான்! அவள் வேலூர்க்காரி, நர்ஸ் மகள். ஜெபராஜ் நெமிலிப் பக்கத்து நெல்லு வயல்காரர். இத்தனை வருஷம் இந்த ஊர்ச் சோற்றைத் தின்றும் இரண்டு பேருக்கும் தோலின் முதுகைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

"சரியா?" என்று கத்தினாள் பிரிசில்லா. "சரியான விடையா இது? சரியான விடைக்கா 'திருப்தி இல்லை' போட்டாரு அந்த மனுஷன்?" அவள் ஷஹீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பெரிய டீச்சர் யாரையும் கட்டிப்பிடித்து அவர்கள் பார்த்ததில்லை. பிரிசில்லாவின் மனசு அதற்குள் வேலூர் போய், அலுவலகப் படியேறி, காசிநாதனை மன்னிப்புக் கேட்க வைத்து, ஒன்பதாம் வகுப்புக்குப் பெஞ்சும் வாங்கிப் போட்டுவிட்டது.

கொதிக்கிற பாலில் தண்ணீர் தெளித்தவர் ஜெபராஜ்தான். மனுஷர் கெட்டவர் இல்லை. நடந்த அவமானத்தில் சந்தேகம் பிடித்துப் போயிருந்தார்.

"கால், அரை, முக்கால் சரி. மூணுல ஒண்ணு வந்தா இன்னா எழுதுவாங்க?"

ஷஹீனின் முகம் சட்டென்று வாடியது. பிரிசில்லா அதைக் கவனித்தாள். "குர்ஷித், ஒண்ணுல மூணுல ஒரு பங்கு. எழுதும்மா."

குர்ஷித் சாக்பீஸை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு சின்னதாக ஒரு ஒன்று போட்டாள்.

"அது கால் ஆச்சே?"

"காலுக்கு மேல, அரைக்குக் கீழ டீச்சர். தோல்ல கால்னு போட்ருவாங்க. மிச்சம் கணக்குல வராது."

 ஷஹீன் வெளியே வந்து, வராந்தாவில், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பின்னம்னா பயந்தாங்க பெரிய டீச்சர். மேல ஒரு நம்பர், கீழ ஒரு நம்பர், நடுவுல கோடுன்னு பார்த்தாலே அழுதாங்க. வீட்ல பாக்கற மாதிரி எழுதிக் காட்டினேன், கப்புன்னு புடிச்சுக்கிட்டாங்க. கோடு போட்டும் கொஞ்சம் பழக்கினேன். ஆனா மூணுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். என் தப்புதான்."

பிரிசில்லாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. காசிநாதன் சொன்னதில் பாதி தப்பு. ஆனால் பாதி சரியாகவும் போய்விட்டதே! மறு ஆய்வு கேட்டால் வரப்போகிறவர் காலையும் அரையையும் மட்டுமா கேட்பார்?

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் போதகர் ஜோசுவா தன் டிவிஎஸ் ஐம்பதில் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டார், போர்டை எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு நியாயமாகவே பேசினார்.

"பிரிசில்லாம்மா, இந்த வருஷம் விட்டுடலாம். அடுத்த வருஷம் நல்லா தயார் பண்ணிட்டுக் கேப்போம். இப்பப் போய் முட்டிக்கிட்டு, திரும்பவும் இதே ரிசல்ட் வந்துச்சுன்னா மூணு வருஷம் வாயத் தொறக்க முடியாது. இந்த ஒரு செட்டுக்காகப் பின்னால வர்ற மூணு செட்டப் பணயம் வைக்கணுமா?"

அதில் பழுது சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சல். முட்டாள்தனமாக யாராவது பேசினால் எதிர்த்துப் பேசலாம். நியாயமாகப் பேசுகிறவரிடம் என்ன செய்வது? "சரிங்க ஐயா," என்று பிரிசில்லாவின் வாய் சொல்லியது. சொன்ன வாய் கசந்தது. பின்னால் வரும் மூன்று செட்டுக்கு முகம் இல்லை. குர்ஷித்துக்கு இருந்தது.

பிள்ளைகளிடம் தானே சொல்லிவிடுவதுதான் முறை என்று மறுபடி வகுப்புக்குள் போனாள். இந்த வருஷம் ஒன்பதாவது வராது என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. அது வெளியே வருவதைக் கொஞ்சம் தள்ளிப்போடத்தான் அவள் வேறொன்று கேட்டாள்.

"ஏண்டி குர்ஷித், அன்னிக்கு அவரு தப்புன்னு சொன்னப்புறம் இன்னா நடந்துச்சு?"

"அழிக்கச் சொன்னாரு. அழிச்சேன். அக்சாவக் கூப்ட்டாரு," என்றாள் குர்ஷித்.

காலனியிலிருந்து வரும் அக்சா எழுந்து நின்றாள். "நானும் அதேதான் எழுதினேன் டீச்சர். தப்பு, அழின்னாரு. அப்புறம் லில்லி. அப்புறம் இந்த வரிசை மொத்தமும்."

"எல்லாரும் அதே எட்டே முக்கால்?"

"ஆமா டீச்சர்."

"ஒருத்தி எழுதறா, தப்புங்கறாரு. அடுத்தவ எழுதறா, தப்புங்கறாரு. அதிகாரி முன்னால நிக்கறோம், வேற எதையாவது எழுதித் தப்பிச்சுக்கலாம்னு ஒருத்திக்குக்கூடத் தோணலயா?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய டீச்சர் திட்டுகிறாளா, விசாரிக்கிறாளா என்று அவர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் குர்ஷித்தான் சொன்னாள்.

"பயமாதான் இருந்துச்சு டீச்சர், வாய் விட்டுச் சொல்ல வரல. ஆனா எத்தன வாட்டி போட்டாலும் எட்டே முக்கால்தான் வருது. வேற இன்னா எழுதறது?"

பிரிசில்லாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பார்த்து எழுதுகிறார்களாம்! ஒரு வரிசைப் பிள்ளைகள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் போய் நின்று, அதிகாரி தப்பு என்று சொல்லச் சொல்ல, சரியான விடையை மாற்றாமல் எழுதியிருக்கிறார்கள். ஜெபராஜ் சார் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த அதே அறையில் இது நடந்திருக்கிறது. பதின்மூன்று வயசுக் கழுதைகள் மாற்றி எழுதவில்லை. தலைமையாசிரியை மாற்றி எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பதா?

"ஜெபராஜ் சார், ஸ்கூலப் பாத்துக்கோங்க. ஷஹீன், புர்காவ மாட்டு. கிளம்பு!"

வராந்தாவில் போதகர் கையை விரித்தார். "என்னம்மா, முடிவு பண்ணியாச்சுன்னு நினைச்சேனே?"

"ஆச்சுங்க ஐயா. பிள்ளைங்க அன்னிக்கே பண்ணிட்டாங்க. எனக்குத்தான் இன்னிக்குத் தெரிஞ்சுது."

போதகர் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். அப்புறம், "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டில ஒருத்தர வேணா ஏத்திக்கிறேன், ரெண்டு பேர இந்த வண்டி தாங்காது," என்றார். இரண்டு பேருமே ஏறிக்கொண்டார்கள். வண்டி தாங்கியது.

பள்ளிகொண்டா தாண்டியதும் ஈரத்தோல் ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் முந்தானையாலும் கைக்குட்டையாலும் முகத்தை மூடிக்கொண்டார்கள். பிரிசில்லா மட்டும் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டி, "நகர்த்துங்கப்பா, சீக்கிரம் நகர்த்துங்கப்பா" என்று கூவிக்கொண்டிருந்தாள். கூவிப் பலனில்லை என்று தெரிந்ததும் ஷஹீனை இழுத்துக்கொண்டு இறங்கி, லாரியைச் சுற்றி நடந்து, அந்தப் பக்கம் நின்ற ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஏழு பேரோடு எட்டு, ஒன்பதாகத் தொற்றிக்கொண்டாள். வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இன்னா பெரிய டீச்சர், பேஜாரா இருக்கற நேரத்துல சிரிக்கறீங்க?" என்றாள் ஷஹீன். "தெரில. நல்லா இருக்குது," என்றாள் பிரிசில்லா. உண்மையும் அதுதான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

அலுவலகத்தில் மேலதிகாரி அமிர்தவள்ளி மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். பள்ளிகளின் தரம் உயர்த்தும் பரிந்துரை அவர் கையெழுத்தில்தான் போகும். எதிரே ஃபைலோடு நின்றவர் சாட்சாத் காசிநாதன். ஆளைப் பார்த்தால் சாதுவாகத்தான் இருந்தார். எம்.எஸ்ஸி. கணக்கு, தப்பான விடையைப் பார்த்தால் தாங்க முடியாத ஜாதி.

பிரிசில்லா மூச்சு வாங்க வணக்கம் சொல்லிவிட்டு, மேசையில் கிடந்த காகிதத்தில் எட்டையும் சின்ன மூன்றையும் எழுதி அமிர்தவள்ளியின் முன்னால் தள்ளினாள். ஷஹீன் விளக்கினாள். முதலில் குரல் நடுங்கியது. தோலைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் நிமிர்ந்துகொண்டது. அமிர்தவள்ளியின் புருவம் உயர்ந்தது. காசிநாதன் காகிதத்தை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"எட்டே முக்காலா இது?" என்றார்.  அப்புறம், "அது எனக்குத் தெரியாமப் போச்சு. ஆனா மேடம், இது ஸ்கூலா, டேனரியா? பத்தாவது பரீட்சைல இப்படி எழுதினா முட்டைதான போடுவாங்க?" என்றார். அதுவும் நியாயம்தான். அன்றைக்கு எல்லாரும் நியாயமாகப் பேசியே பிரிசில்லாவின் உயிரை வாங்கினார்கள்.

அமிர்தவள்ளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கால் கணக்குல கெட்டின்னு புரியுது. மூணுல ஒண்ணு வந்தா?"

ஷஹீன் பிரிசில்லாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். வருங்க மேடம், நல்லா வரும் என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணலாம்.

"தெரியாது மேடம். நாங்க சொல்லிக் குடுக்கல."

"தெரியாதுன்னு தெரிஞ்சேதான் மறு ஆய்வு கேக்கறீங்களா?"

"தெரியாததுக்கு மார்க்கக் குறைங்க மேடம், வேணாங்கல. தெரிஞ்சதுக்குக் குறைக்காதீங்க. பார்த்து எழுதறாங்கன்னு போட்ருக்காரு. அவங்க பார்த்து எழுதல. சார் தப்புன்னு சொன்னப்புறமும் ஒவ்வொருத்தியும் தானா போட்டுப் பார்த்துதான் எழுதியிருக்கா. ஊரு பூரா ஒண்ணு சேர்ந்து அந்தப் பிள்ளைங்களப் போதும் போதும்னு சொல்லுது. நாமளும் சொல்லணுமா?" பிரிசில்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரி முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள், முடியவில்லை, அழுதாள்.

அமிர்தவள்ளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலைல வர்றேன். நானே கேக்கறேன். காசிநாதன், நீங்களும் வாங்க."

"நாளைக்கேவா மேடம்?" என்றாள் பிரிசில்லா. எப்படியும் பத்து, பதினைந்து நாள் கிடைக்கும், அதற்குள் மூன்றில் ஒன்றென்ன, பதிமூன்றில் ஒன்றையே பழக்கிவிடலாம் என்று ஆட்டோவில் வரும்போதே கணக்குப் போட்டிருந்தாள்.

"சொல்லிக் குடுக்க டைம் குடுத்தா அதுக்குப் பேரு ஆய்வு இல்லம்மா. நாடகம்."

மறுநாள் காலைப் பிரார்த்தனை நேரத்திலாவது சொல்லிக் கொடுத்துவிடுவது என்று ஷஹீன் பானு ஓட்டமும் நடையுமாக வந்தாள். கேட்டில் ஏற்கெனவே ஜீப் நின்றது.

அமிர்தவள்ளி எட்டாம் வகுப்பில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். காசிநாதன் பக்கத்தில். பிரிசில்லா, ஷஹீன், ஜெபராஜ் மூவரும் பின்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். முதலில் பரப்பளவு. நாலரைக்கு இரண்டு, ஐந்தேகாலுக்கு நாலு, ஆறரைக்கு ஒன்றரை. கேள்வி முடியும் முன்பே விடை வந்து விழுந்தது. போர்டில் எழுதச் சொன்னபோது சின்ன எண்ணைத் தலையில் தூக்கி வைத்து எழுதினார்கள். "புத்தகத்துல இருக்கற மாதிரி எழுது பாக்கலாம்," என்றார் அமிர்தவள்ளி. அக்சா போய் ஒன்பதுக்குப் பக்கத்தில் மூன்றைப் போட்டு, கோடிழுத்து, கீழே நாலைப் போட்டாள். காசிநாதன் தலையை மேலும் கீழும் ஆட்டினார். பிரிசில்லாவின் கை தானாக ஷஹீனின் கையைத் தேடியது.

"சரி. அன்னிக்கு முதல்ல எழுதின பொண்ணு யாரு? நீயா? ஒரு சதுர அடித் தோல் இருக்குது. மூணு பேருக்குச் சமமாப் பிரிக்கணும். ஒருத்தருக்கு எவ்ளோ?"

ஜெபராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.  குர்ஷித் போர்டின் முன்னால் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பிறகு ஒரு சதுரம் வரைந்து, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று கோடு போட்டு நாலாக்கினாள். மூன்று கட்டத்தில் மூன்று பேர். ஆளுக்கு ஒரு கால். பக்கத்தில் சின்னதாக ஒரு ஒன்று எழுதினாள். ஒரு கட்டம் மிஞ்சி நின்றது.

"கால்தானா விடை?" என்றார் அமிர்தவள்ளி.

"ஒண்ணு மிஞ்சுது மேடம்."

"தோல்ல அத விட்ருவாங்களாமே?"

"விட்டா சமமா இருக்காது மேடம். நீங்க சமமான்னு சொன்னீங்க."

சொல்லிவிட்டு அந்த மிஞ்சிய கட்டத்தை நாலாக்கினாள். மூன்று பேருக்கு ஆளுக்கு ஒன்று. மறுபடி ஒன்று மிஞ்சியது. முன்பு எழுதிய ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னும் சின்னதாக ஒரு ஒன்று எழுதினாள். மிஞ்சியதை மறுபடி நாலாக்கினாள். மறுபடி ஒன்று. மறுபடி மிச்சம். சதுரத்துக்குள் சாக்பீஸ் நுழைய இடம் இல்லாமல் போனதும் படத்தை விட்டுவிட்டு ஒன்றுகளை மட்டும் எழுதிக்கொண்டே நகர்ந்தாள். இவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த நிமிஷத்தில், எல்லார் கண்ணெதிரிலும், தானாகவே கண்டுபிடித்துக்கொண்டு போகிறாள் என்று பிரிசில்லாவுக்குப் புரிந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது. காசிநாதன் எழுந்து நின்றுவிட்டார். "நிறுத்தாத! போ, போ!" என்றார். "மேடம், இது சரி! காலு, அப்புறம் காலுல காலு, அதுல காலு. இப்படியே நிக்காமப் போனா மொத்தம் சரியா மூணுல ஒண்ணுதான். ஒரு நூல் கூடாது, குறையாது. நான் இத காலேஜ்ல போய்ப் படிச்சேன் மேடம்!" மனுஷர் முகமெல்லாம் பல். பத்து நாள் முன்னால் இதே போர்டைப் பார்த்துச் சிரித்தவர்தான். இந்தச் சிரிப்பு வேறு.

குர்ஷித் போர்டின் விளிம்புக்கு வந்து நின்றாள். மரச்சட்டத்தில் எழுதலாமா என்று ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"போர்டு முடிஞ்சிருச்சு மேடம்."

"இன்னும் மிஞ்சுதா?"

"மிஞ்சுது மேடம். மிஞ்சிக்கினே இருக்கும்."

அமிர்தவள்ளி பேனாவைத் திறந்தார். அறிக்கையில் இரண்டு வாக்கியத்தின் மேல் கோடு இழுத்தார். ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு குர்ஷித்தைப் பார்த்து, "மிச்சத்த ஒன்பதாவதுல எழுது," என்றார்.

குர்ஷித்தின் முகம் சுருங்கியது. இத்தனை நேரம் தடுமாறாத குரல் இப்போது தடுமாறியது. "எந்த ஸ்கூல்ல மேடம்?"

"இந்த ஸ்கூல்லதான். ஜூன்ல."

 அப்புறம் எழுந்த கூச்சலில் தெருவில் போன சைக்கிள்காரர் இறங்கி நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார். அதிகாரி இருக்கிறார், சத்தம் போடக் கூடாது என்று அதட்ட வேண்டியவள் பிரிசில்லா. எல்லாரையும்விட அதிகமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவளும் அவள்தான்.